பல் அடைப்பு எங்கே தோற்கிறது: சோதனைக்கூட எண்களும் வாய்க்குள் நடப்பதும்

சொத்தையைச் சுரண்டி எடுத்த பிறகு பல்லில் மிஞ்சும் குழியை எதையாவது வைத்து அடைத்தாக வேண்டும். பல் நிறத்தில் இருக்கும் காம்போசிட், வெள்ளி நிற அமால்கம், கிளாஸ் அயனோமர் சிமென்ட், பல் ரொம்பவே சிதைந்திருந்தால் செராமிக் கேப் என்று வழிகள் பல. தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலோர் கேட்பது ஒரே கேள்விதான்: "டாக்டர், இதுல எது ரொம்ப ஸ்ட்ராங்?"

நியாயமான கேள்விதான். ஆனால் பல் பொருள்களைப் பற்றிய ஆராய்ச்சியைக் கொஞ்சம் புரட்டினால் வேறொரு கவலை கண்ணில் படும். பின்பற்களில் போட்ட அடைப்புகளை மறுபடி மாற்ற நேர்வதற்கு இரண்டு காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: அடைப்பின் ஓரத்தில் புதிதாகச் சொத்தை விழுவது, அடைப்போ பல்லோ உடைவது. பொருளின் வலுவை அளக்கும் சோதனை இரண்டாவதைப் பற்றி ஓரளவு சொல்லும். முதலாவதைப் பற்றி அது வாயே திறக்காது. அந்தத் துறை இத்தனை ஆண்டுகளாக மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் அந்த ஓரத்தோடுதான்.

அளவுகோல் பல்தான்

எந்த அடைப்புப் பொருளை மதிப்பிடுவதாக இருந்தாலும் ஒப்பிடுவது இயற்கையான பல்லோடுதான். வெளி உறையான எனாமலில் எடைக்கணக்கில் சுமார் 96 சதவீதம் தாது. ஹைட்ராக்ஸிஅபடைட் எனப்படும் கால்சியம் பாஸ்பேட் படிகங்கள். அதற்கு உள்ளே இருக்கும் டென்டினில் தாது சுமார் 70 சதவீதம்தான். மீதி கொலாஜன் என்ற புரத நாரும் தண்ணீரும். எனாமல் கெட்டி, ஆனால் நொறுங்கக்கூடியது. டென்டின் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ஒரு பொருள் எவ்வளவு விறைப்பானது என்று சொல்லும் மீள்தன்மைக் குணகம் எனாமலுக்கு 80 கிகாபாஸ்கல் அளவில் இருக்கிறது, டென்டினுக்கு 15 முதல் 20 வரை. இப்படி நாலு மடங்கு வித்தியாசமுள்ள இரண்டு பொருள்கள் சேர்ந்துகொண்டு ஆயுள் முழுக்க மென்று தள்ளுகின்றன. இரண்டுக்கும் ஒரே சமயத்தில் ஈடு கொடுக்கும் ஒற்றைப் பொருளை யாரும் இதுவரை செய்துவிடவில்லை.

அதோடு வாய் என்பது பொருள்களுக்குச் சுலபமான இடமும் கிடையாது. எந்நேரமும் ஈரம். சூடாக ஒன்றைக் குடித்த கையோடு ஐஸ் தண்ணீர் உள்ளே வரும். இனிப்புச் சாப்பிட்டால் பல்மேல் படிந்திருக்கும் பாக்டீரியா அமிலம் சுரக்கும், பிஎச் 5.5 அளவுக்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். எச்சிலில் நொதிகள் வேறு. கடைவாய்ப்பற்கள் முழு வலுவோடு கடித்தால் பல நூறு நியூட்டன் விசை வரும். சாதாரணமாக மெல்லும்போது விசை இதைவிட மிகக் குறைவு, ஆனால் அது ஆண்டுக்கு லட்சக்கணக்கான முறை வருகிறது.

ஒரு சின்னக் குச்சியை உடைத்துப் பார்ப்பது

சோதனைக்கூடத்தில் என்ன செய்கிறார்கள் என்பதை ஒரே ஒரு சோதனையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் புரிந்துவிடும். காம்போசிட் போன்ற, ரெசின் எனப்படும் இறுகும் பிசினால் ஆன பொருள்களுக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 4049. அதில் வளைவு வலிமைச் சோதனை ஒன்று இருக்கிறது.

25 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் அகலம், 2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள அச்சில் பொருளை நிரப்புவார்கள். தீக்குச்சியைவிடக் கொஞ்சம் சிறியது, அவ்வளவுதான். இந்தப் பொருளை இறுக வைப்பது ஒளி, ஆனால் அதற்கான விளக்கின் முனை இந்த நீளத்தை ஒரே தடவையில் மூடாது. அதனால் பகுதி பகுதியாக, ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் விழும்படி ஒளி காட்டி இறுக வைப்பார்கள். பிறகு 37 டிகிரித் தண்ணீரில் 24 மணி நேரம். அடுத்து, 20 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு தாங்கிகள்மேல் குச்சியைக் கிடத்தி, நடுவில் மேலிருந்து மெதுவாக அழுத்துவார்கள். டக்கென்று உடையும். உடைந்த கணத்தில் இருந்த விசையைக் கணக்கில் போட்டால் மெகாபாஸ்கல் அளவில் ஒரு எண் வரும். ஒரு மெகாபாஸ்கல் என்றால், ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பில் ஏறக்குறைய 100 கிராம் எடையை வைத்த அழுத்தம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மெல்லும் பரப்பில் வைக்கும் அடைப்புக்கு இந்தத் தரம் கேட்பது குறைந்தது 80 மெகாபாஸ்கல். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த அளவுள்ள குச்சிக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால் அது 21 நியூட்டனுக்குச் சற்று மேல், அதாவது இரண்டே கால் கிலோவுக்கும் குறைந்த எடை. இன்னொரு விஷயம்: அந்தக் கணக்கில் தடிமன் இரண்டு முறை பெருக்கப்படுகிறது. குச்சி 2 மில்லிமீட்டருக்குப் பதிலாக 1.9 இருந்து, அதைக் கவனிக்காமல் 2 என்றே போட்டுவிட்டால் விடை பத்து சதவீதம் பிசகிவிடும். அதனால்தான் ஒவ்வொரு குச்சியையும் மைக்ரோமீட்டரால் அளந்துவிட்டு உடைக்கிறார்கள்.

அழுத்தி நொறுக்குவதற்குப் பதிலாக ஏன் வளைத்து உடைக்க வேண்டும்? நொறுங்கும் தன்மையுள்ள பொருள்கள் அழுத்தத்தை நன்றாகவே தாங்கும், இழுவையில்தான் தோற்கும். அமால்கத்தை எடுத்துக்கொண்டால், அழுத்த வலிமை 400 மெகாபாஸ்கலைத் தாண்டும். இழுவை வலிமை அதில் ஏழில் ஒரு பங்குகூடத் தேறாது. குச்சியை வளைக்கும்போது மேல்பக்கம் அழுந்துகிறது, கீழ்ப்பக்கம் இழுபடுகிறது. விரிசல் கீழ்ப்பக்கத்தில் தொடங்கும். ஒரு விளம்பரத் தாளில் அழுத்த வலிமை மட்டும் பெரிய எழுத்தில் இருந்தால், மற்ற எண்கள் எங்கே என்று தேடுவது என் வழக்கம்.

விரிசல் எங்கிருந்து கிளம்புகிறது என்பதும் முக்கியம். உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு காற்றுக்குமிழி, மேற்பரப்பில் ஒரு கீறல், இது போதும். எந்தக் குச்சியில் எவ்வளவு பெரிய குறை ஒளிந்திருக்கிறது என்பது தற்செயல். எனவே ஒரே பொருளில் செய்த குச்சிகள் வெவ்வேறு விசையில் உடையும். சராசரியை மட்டும் பார்த்தால் இந்தச் சிதறல் மறைந்துபோகும். சுவீடன் பொறியாளர் வாலோடி வைபுல் வகுத்த புள்ளியியல் முறையைப் பல் செராமிக் ஆராய்ச்சியில் பரவலாகப் பயன்படுத்துவது இதற்காகத்தான். சராசரி கொஞ்சம் குறைவாக இருந்தாலும் சிதறல் குறைந்த பொருளை நம்பி வைக்கலாம். வாயில் ஒருவருக்கு உடைவது சராசரி அடைப்பு இல்லையே, அவருடைய அடைப்பு.

ஒட்டாத அமால்கம் ஓரத்தை எப்படி மூடியது

அமால்கத்தில் பாதி எடை பாதரசம். மறுபாதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு கலந்த தூள். இரண்டையும் குலுக்கிக் கலந்தால் சில நிமிடங்களுக்கு அழுத்திப் பிடிக்கும் பதத்தில் இருக்கும், பிறகு இறுகிவிடும். அமெரிக்கப் பல் மருத்துவர் ஜி. வி. பிளாக் 1890-களில் இதன் கலவை விகிதத்தை முறையாகச் சோதித்து நிலைப்படுத்தினார். அதற்குப் பிறகும் ஒரு குறை விடாமல் துரத்தியது. இறுகும்போது வெள்ளீயமும் பாதரசமும் சேர்ந்து காமா-2 என்ற ஒரு தனிப் பகுதி உள்ளே உருவாகும். மொத்தக் கலவையில் மிக நோஞ்சானான பகுதி அதுதான். அரிப்பும் முதலில் அதைத்தான் பிடிக்கும். அதனால் ஓரங்கள் பிதுங்கி உடைந்தன. 1963-இல் கனடாவில் இன்ஸ், யூடெலிஸ் இருவரும் வெள்ளி-செம்புக் கலவைத் துகள்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். வெள்ளீயம் பாதரசத்தை விட்டுச் செம்போடு சேர்ந்துகொண்டது. காமா-2 கிட்டத்தட்ட காணாமலே போனது. செம்பு மிகுந்த அமால்கம் அப்படித்தான் வந்தது.

அமால்கம் பல்லோடு ஒட்டவே ஒட்டாது. குழியை அடியில் அகலமாகவும் திறப்பில் குறுகலாகவும் வெட்டி, அதில் மாட்டிக்கொண்டு நிற்க வைப்பார்கள். இதற்காக நல்ல பல்லையும் கொஞ்சம் வெட்ட நேரும், அது அதன் பெரிய பாவம். ஆனால் ஒட்டாத பொருளின் இடைவெளி வழியே பாக்டீரியா நுழைந்து எல்லா அடைப்பும் சீக்கிரமே கெட்டிருக்க வேண்டுமே, ஏன் கெடவில்லை? அரிப்பில் உண்டாகும் படிவுகள் அந்த இடைவெளியில் போய்ச் சேர்ந்து நாளாக ஆக அதை அடைத்துவிடுகின்றன. வைத்த அன்றைக்கு ஒழுகும், போகப் போக ஒழுக்கு குறையும். இந்தத் துறையில் எனக்குப் பிடித்த முரண் இது: பொருளின் குறை என்று பட்டியலிடப்படும் அரிப்பே அதன் ஓரத்தையும் காப்பாற்றியது.

காம்போசிட்டின் கதை இதற்கு நேர் எதிர். வைத்த அன்றைக்கு நன்றாக ஒட்டியிருக்கும். காலம்தான் அதற்குப் பகை.

சுருங்கும் பொருளைச் சுருங்காத குழியில் வைப்பது

காம்போசிட்டின் உள்கட்டுமானம் கான்கிரீட் மாதிரி: ஜல்லிக்குப் பதில் கண்ணாடி, சிலிக்கா துகள்கள், சிமென்ட்டுக்குப் பதில் ரெசின். அமெரிக்கத் தேசியத் தரநிலைகள் கழகத்தில் வேலை பார்த்த ரஃபேல் போவன் 1962-இல் காப்புரிமை பெற்ற பிஸ்-ஜிஎம்ஏ என்ற ரெசின் இன்றைக்கும் பல காம்போசிட்களில் இருக்கிறது. அது தேன் மாதிரிக் குழகுழவென்று இருப்பதால் இன்னொரு மெல்லிய ரெசினைச் சேர்த்து இளக்குவார்கள். துகளும் ரெசினும் தனித்தனியாகப் பிரிந்துவிடாமல் இருக்கத் துகள்களின்மேல் சிலேன் என்ற இணைப்புப் பூச்சு உண்டு.

இதை இறுக்குவது நீல ஒளி. உள்ளே கலந்திருக்கும் கேம்பர்குயினோன் என்ற மஞ்சள் நிறப் பொருள் 468 நானோமீட்டர் அலைநீளத்துக்குப் பக்கத்தில் ஒளியை அதிகம் உறிஞ்சி வினையைத் தொடங்கி வைக்கிறது. தனித்தனியாகத் திரிந்த மூலக்கூறுகள் கை கோத்துச் சங்கிலியாகின்றன. கை கோக்கும்போது அவை ஒன்றுக்கொன்று நெருங்கி வந்தாக வேண்டும். நெருங்கினால் கன அளவு குறையும். சாதாரண காம்போசிட்டில் இந்தச் சுருக்கம் 2 முதல் 3 சதவீதம் வரை. சின்ன எண்தான். ஆனால் நாலு சுவரிலும் தரையிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் பொருள் சுருங்க முயன்றால் என்ன ஆகும்? ஒன்று, சுவரை உள்ளே இழுக்கும். இல்லையென்றால் ஒட்டு எங்கே பலவீனமாக இருக்கிறதோ அங்கே விட்டுக்கொண்டு வரும். பெட்டி வடிவக் குழியில் ஐந்து பக்கம் ஒட்டு, ஒரே ஒரு பக்கம் திறப்பு; அதனால் அங்கே இழுப்பு அதிகம். தட்டையான பரப்பில் பூசினால் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

சரி, சுருக்கத்தைக் குறைத்துவிட வேண்டியதுதானே? இங்கேதான் ஆராய்ச்சி மாட்டிக்கொண்டு முழிக்கிறது. வினை எவ்வளவு தூரம் நடந்தது என்பதை மாற்ற விகிதம் என்பார்கள். வழக்கமாக 50 முதல் 75 சதவீதம் வரை இருக்கும். அது கூடினால் பொருள் வலுவாகும், வினைபுரியாமல் மிஞ்சிக் கசியும் ரெசினும் குறையும், ஆனால் சுருக்கம் கூடும். துகளை அதிகமாகத் திணித்தால் சுருக்கம் குறையும், ஆனால் பொருள் விறைப்பாகும். விறைப்பான பொருள் கொஞ்சம் சுருங்கினாலும் இழுப்பு பலமாக இருக்கும். ஒன்றை அமுக்கினால் இன்னொன்று மேலே வருகிறது.

2000-களின் பிற்பகுதியில் சைலோரேன் என்ற புதுவகை ரெசின் வந்தது. அதன் மூலக்கூறுகள் வளையங்கள். கை கோக்கும்போது வளையம் விரிந்து, நெருங்கியதில் இழந்த இடத்தை ஓரளவு ஈடுகட்டும். சுருக்கம் ஒரு சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. சோதனைக்கூடத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். அப்புறம் நோயாளிகளிடம் வைத்து ஆண்டுக்கணக்கில் பார்த்தால், வழக்கமான காம்போசிட்டைவிட அது மேலானது என்று காட்ட முடியவில்லை. பொருளும் சந்தையிலிருந்து போய்விட்டது. ஒரு பண்பை மட்டும் பிடித்துக்கொண்டு அதைச் சரிசெய்தால் அடைப்பின் ஆயுள் தானாகக் கூடிவிடும் என்ற நம்பிக்கைக்கு விழுந்த நல்ல அடி அது.

ஒளியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வழக்கமான காம்போசிட்டை 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து இறுக்குவதற்குக் காரணம், அதற்குக் கீழே ஒளி போதுமான அளவு போய்ச் சேராது என்பதுதான். 4 மில்லிமீட்டர் வரை ஒரே அடுக்காக வைக்கும் வகைகளும் இப்போது உண்டு. மேலே தட்டிப் பார்த்தால் கல் மாதிரி இருக்கும், அடியில் பாதி வெந்திருக்கும்; வெளியே பார்த்தால் தெரியவே தெரியாது. ஐஎஸ்ஓ சோதனையில் நீண்ட அச்சில் பொருளை நிரப்பி மேலிருந்து ஒளி காட்டி, அடியில் இறுகாமல் மிஞ்சியதைச் சுரண்டி எறிந்துவிட்டு, மிச்ச நீளத்தை அளந்து அதைப் பாதியாக்கிக் கணக்கில் எடுப்பார்கள். ஏன் பாதி? சுரண்ட வராத அளவுக்கு இறுகுவது வேறு, நன்றாக இறுகுவது வேறு. விளக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாலும், சாய்த்துப் பிடித்தாலும் உள்ளே போகும் ஒளி சட்டென்று குறைந்துவிடும்.

ஒட்டு

ஓரத்தைத் தீர்மானிப்பது ஒட்டு என்பதால் இதில்தான் ஆய்வுக்கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. 1955-இல் மைக்கேல் புவனகோர் எனாமலில் பாஸ்பாரிக் அமிலத்தை அரை நிமிடம் வைத்துக் கழுவிவிட்டு, அதன்மேல் ரெசினைப் பூசிப் பார்த்தார். உலோகங்களில் பெயின்ட் நன்றாகப் பிடிக்க அமிலம் தடவும் தொழிற்சாலை வழக்கத்திலிருந்து கிடைத்த யோசனை அது. அமிலம் பட்ட எனாமலில் நுண்ணிய பள்ளங்கள் விழுகின்றன. ரெசின் உள்ளே இறங்கி இறுகிப் பிடித்துக்கொள்கிறது. எனாமலைப் பொறுத்தவரை ஒட்டுப் பிரச்சினை ஏறக்குறைய அன்றைக்கே தீர்ந்துபோனது.

டென்டின் அப்படி விட்டுக்கொடுக்கவில்லை. அதில் ஈரம் இருக்கிறது, நுண்குழாய்கள் இருக்கின்றன, கொலாஜன் இருக்கிறது. அமிலம் தாதுவைக் கரைத்ததும் கொலாஜன் நார்கள் தனியாக நிற்கும். காற்றடித்து ரொம்பக் காயவிட்டால் அவை படுத்துவிடும், ரெசின் நுழையாது. ரொம்ப ஈரமாக விட்டால் ரெசின் நீர்த்துப்போகும். ஜப்பானில் நாகபயாஷியும் அவர் சகாக்களும் 1982-இல் ஒன்றைக் காட்டினார்கள்: ரெசின் அந்த நார்களுக்கு நடுவே ஊடுருவிச் சென்று இறுகினால், பாதி பல்லும் பாதி ரெசினுமாக ஒரு கலப்பு அடுக்கு உண்டாகிறது. சில மைக்ரோமீட்டர் தடிமன்தான். டென்டினில் அடைப்பு நிற்பது இதை நம்பித்தான்.

ரெசின் முழுசாகப் போய்ச் சேராத இடங்களில் கொலாஜன் வெறுமனே நிற்கும். தண்ணீர் ரெசினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும். டென்டினுக்குள்ளேயே உறங்கிக்கிடக்கும் சில நொதிகளை அமிலம் தட்டி எழுப்பிவிட, அவை தங்கள் சொந்த கொலாஜனையே தின்னத் தொடங்கும். ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து மறுபடி அளந்தால் ஒட்டு வலிமை இறங்கியிருக்கும்.

அதை அளப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 1994-இல் சானோவும் சகாக்களும் கொண்டுவந்த முறையில், பிடுங்கிய பல்லில் காம்போசிட்டை ஒட்டி, அதை சுமார் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள குச்சிகளாக அறுத்து இழுத்துப் பார்ப்பார்கள். பரப்பு சிறியதாக ஆக, அதில் குறை மாட்டும் வாய்ப்பும் குறையும்; அதனால் எண் உயரும். பெரிய பரப்பில் தள்ளிப் பார்த்தால் அதே பசை பாதி எண்தான் காட்டும். ஆக ஒரு கட்டுரையில் 40 மெகாபாஸ்கல், இன்னொன்றில் 18 என்று பார்த்துவிட்டு முதல் பசைதான் ஒசத்தி என்று முடிவு கட்டக் கூடாது. எப்படி அளந்தார்கள், எத்தனை நாள் கழித்து அளந்தார்கள் என்று பார்க்க வேண்டும். 24 மணி நேரத்து எண் மட்டும் இருந்தால் அது முன்னுரைதான்.

கிளாஸ் அயனோமர் சிமென்ட் இந்தச் சிக்கலில் பாதியைத் தாண்டிப் போய்விடுகிறது. 1970-களின் தொடக்கத்தில் லண்டனில் வில்சனும் கென்ட்டும் உருவாக்கியது இது. கண்ணாடித் தூளும் அமிலப் பாலிமரும் சேர்ந்து இறுகும். பல்லின் கால்சியத்தோடு நேரடியாக வேதிப் பிணைப்பு கொள்ளும். வெப்பத்தால் விரிவதும் பல்லுக்குக் கிட்டத்தட்டச் சமம். காம்போசிட் அதைவிட இரண்டு மூன்று மடங்கு விரியும். ஃபுளூரைடையும் விடும், முதல் சில நாட்களில் அதிகமாக, பிறகு குறைவாக. கொடுமை என்னவென்றால் வளைத்தால் சீக்கிரம் உடைந்துவிடும், தேய்மானமும் அதிகம். அதனால் கடைவாய்ப்பல்லின் பெரிய குழிகளுக்கு அதை மட்டும் நம்புவது கஷ்டம். ஃபுளூரைடு வெளிவருவதைச் சோதனைக் குழாயில் சுலபமாக அளந்துவிடலாம்; வாயில் அது எத்தனை சொத்தையைத் தடுத்தது என்று நிரூபிப்பது வேறு வேலை.

செராமிக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கேப்புகளுக்குப் பயன்படும் ஜிர்கோனியாவின் வளைவு வலிமை 1000 மெகாபாஸ்கல் பக்கத்தில் இருக்கும். விரிசல் நுனியில் அதன் படிகங்கள் வடிவம் மாறி ஏறக்குறைய 4 சதவீதம் பெருத்து, விரிசலை நெருக்கி மூடப் பார்க்கும். இவ்வளவு கெட்டியான பொருள் எதிர்ப்பல்லை அரைத்துத் தள்ளிவிடும் என்றுதான் தோன்றும். சோதித்தால், நன்றாக மெருகேற்றிய ஜிர்கோனியா, அதைவிட மெத்தென்ற போர்சலினைக் காட்டிலும் எதிர்ப்பல்லைக் குறைவாகத்தான் தேய்க்கிறது. தேய்மானத்தில் கடினத்தைவிடச் சொரசொரப்புக்குத்தான் அதிகப் பங்கு.

பத்தாண்டை ஒரு மாதத்தில் ஓட்டுவது

புதுப் பொருளுக்காகப் பத்து வருஷம் காத்திருக்க முடியாது. அதனால் காலத்தை வேகப்படுத்திப் பார்க்கிறார்கள். ஒட்டிய மாதிரிகளை 5 டிகிரித் தண்ணீரிலும் 55 டிகிரித் தண்ணீரிலும் மாறி மாறி முக்கி எடுக்கும் இயந்திரம் உண்டு. 10,000 சுற்று ஏறக்குறைய ஓராண்டுக்குச் சமம் என்ற மதிப்பீடு ஆய்வுகளில் பரவலாகப் புழங்குகிறது. மெல்லும் இயந்திரம் 50 நியூட்டன் அளவில் 12 லட்சம் முறை அடித்தால் ஐந்தாண்டு என்று ஒரு கணக்கு. இவையெல்லாம் ஊகத்தை அடிப்படையாகக் கொண்ட சமன்பாடுகள். இரண்டு பொருள்களை ஒப்பிட்டு எது முதலில் தளர்கிறது என்று பார்க்க உதவும். இந்த அடைப்பு இத்தனை ஆண்டு வரும் என்று சொல்ல உதவாது. அந்த இயந்திரங்களுக்கு இனிப்புப் பிடிக்காது, ராத்திரி தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கமும் கிடையாது.

வாயிலேயே ஒட்டைச் சோதிக்க ஒரு கெட்டிக்கார வழி உண்டு. சிலருக்கு ஈறை ஒட்டிய பல்லின் கழுத்துப் பகுதி, சொத்தை இல்லாமலே தேய்ந்து ஆழமில்லாத பள்ளமாகியிருக்கும். அங்கே அடைப்பு மாட்டிக்கொண்டு நிற்க இடமே இல்லை. ஒட்டு இருந்தால் நிற்கும், விட்டால் விழும். ஒன்றிரண்டு ஆண்டு கழித்து அவரைத் திரும்ப அழைத்து, எத்தனை இருக்கிறது எத்தனை போயிற்று என்று எண்ணினால் முடிந்தது. சோதனைக்கூடத்தில் நல்ல எண் வாங்கிய சில பசைகள் இங்கே வழுக்கி விழுந்திருக்கின்றன.

பின்பற்களைப் பொறுத்தவரை லிஸ்பனில் நடந்த ஒரு பெரிய ஆய்வு பேசப்பட வேண்டியது. அமால்கத்திலுள்ள பாதரசம் குழந்தைகளின் நரம்பு வளர்ச்சியைப் பாதிக்கிறதா என்று பார்க்க 1990-களில் தொடங்கியது அது. 8 முதல் 10 வயதுள்ள 507 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பின்பற்களில் ஒரு பிரிவுக்கு அமால்கம், இன்னொன்றுக்குக் காம்போசிட் வைத்து ஏழாண்டுகள் வரை தொடர்ந்தார்கள். நரம்புச் சோதனைகளில் இரண்டு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று 2006-இல் வெளியிட்டார்கள். அடைப்புகளைப் பற்றிய முடிவு அடுத்த ஆண்டு வந்தது: ஏழாண்டு தாக்குப்பிடித்தவை அமால்கத்தில் 94.4 சதவீதம், காம்போசிட்டில் 85.5. உடைவதில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் முழுக்கச் சொத்தையில்தான். அடைப்பின் ஓரத்தில் மறுபடி சொத்தை வரும் அபாயம் காம்போசிட்டில் 3.5 மடங்கு.

உடனே காம்போசிட் மோசம் என்று எழுதிவிட வேண்டாம். அது அந்தக் காலத்துப் பொருள், அந்தக் காலத்துப் பசை. கலந்துகொண்டவர்களோ ஏற்கெனவே சொத்தை விழுந்திருந்த பிள்ளைகள். சொத்தை அபாயம் குறைந்த பெரியவர்களிடம் காம்போசிட் அமால்கத்துக்கு ஈடாக நீண்ட நாள் நின்றதைக் காட்டும் ஆய்வுகளும் உண்டு. பின்பற்களில் வைத்த காம்போசிட்டுகளில் ஆண்டுக்கு 1 முதல் 3 சதவீதம் தோற்பதாகப் பல நீண்டகால ஆய்வுகள் சொல்கின்றன. அந்த 1-க்கும் 3-க்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைத் தீர்மானிப்பதில் பொருளின் பிராண்டைவிட, குழி எவ்வளவு பெரியது, அந்த நபருக்குச் சொத்தை விழும் சுபாவம் எவ்வளவு, வைத்தவர் கை எப்படி என்பவற்றுக்குத்தான் பங்கு அதிகம். மருத்துவ ஆய்வுகளிலும் ஒரு சாய்வு இருக்கிறது: பெரும்பாலும் பல்கலைக்கழகங்களில், அவசரமில்லாத கைகள், ஒழுங்காகத் திரும்பி வரும் நோயாளிகளிடம் வைத்துப் பார்த்த முடிவுகள் அவை.

இதற்கிடையில் அமால்கம் விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. வாயில் இருப்பது ஆபத்து என்று லிஸ்பன் போன்ற ஆய்வுகள் காட்டியதால் அல்ல. பாதரசம் கழிவாகி மண்ணிலும் நீரிலும் போய்ச் சேர்வதால். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013-இல் ஏற்கப்பட்ட மினமாட்டா என்ற சர்வதேச உடன்படிக்கை அமால்கத்தைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி 1 முதல், மருத்துவக் காரணம் உள்ள இடங்களைத் தவிர, அதை நிறுத்திவிட்டது. ஈரமான குழி, அவசரம், ஒத்துழைக்காத நோயாளி என்று எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்ட பொருள் அது. காம்போசிட்டுக்கு எச்சில் ஒரு சொட்டுப் பட்டாலும் ஒட்டு கெடும். அதனால்தான் தானாகவே ஒட்டிக்கொள்ளும் ரெசின்கள், பலப்படுத்திய கிளாஸ் அயனோமர்கள், பாக்டீரியாவைத் தடுக்கும் துகள் கலந்தவை என்று இப்போது பல பக்கமும் முயற்சி நடக்கிறது.

எனக்கு இவற்றைவிட உடனடிப் பயனுள்ளதாகத் தெரிவது வேறொரு ஆராய்ச்சி: பழுதான அடைப்பை முழுசாகத் தோண்டி எடுக்காமல் பழுதான பகுதியை மட்டும் சரிசெய்வது. ஒவ்வொரு தடவை அடைப்பை மாற்றும்போதும் நல்ல பல்லும் கொஞ்சம் போகும், குழி பெரிதாகும், அடுத்த அடைப்பு சீக்கிரம் தோற்கும். பழைய காம்போசிட்டின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, சிலேனும் பசையும் தடவிப் புதியதைச் சேர்த்தால் ஏற்கத்தக்க ஒட்டு கிடைக்கிறது என்று சோதனைகள் காட்டுகின்றன. இப்படிச் சரிசெய்த அடைப்புகள் மேலும் பல ஆண்டுகள் நின்றதை மருத்துவ ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. ஓரத்தில் கறை மட்டும் இருக்கிறது, அடியில் சொத்தை இல்லை என்றால் மெருகேற்றிவிட்டு அப்படியே விட்டுவைக்கவும் செய்யலாம். அடுத்த முறை "இதை எடுத்துட்டு வேற வைக்கணும்" என்று சொன்னால், "ரிப்பேர் பண்ண முடியாதா டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம்.